மெய்க்கணக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஆசிரியைகள், மாணவிகள், அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்கள் என்று ஐம்பது அறுபது பேரிடம் சிறுநீர் மாதிரி கேட்டார்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர். அதைப் பிடிப்பதற்குப் பெயருக்குப் பதில் எண் ஒட்டிய குப்பி ஒன்று தந்தார்கள். குப்பியைக் கொடுத்த பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். "வேற டப்பாவுல பிடிச்சு இதுல ஊத்திடாதீங்க மேம், நேரா இதுலயே பிடிங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நாங்க தேடுறதே பிளாஸ்டிக்ல இருந்து இறங்குற பொருளைத்தான் மேம். வீட்டு டப்பாவுல பிடிச்சீங்கன்னா அது உங்க உடம்புல இருந்து வந்ததா, டப்பாவுல இருந்து வந்ததான்னு தெரியாமப் போயிடும்."

நான்கு பக்கப் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொன்னார்கள். என்ன ஷாம்பு, என்ன முகப்பூச்சு, நகப்பூச்சு உண்டா, வாரத்துக்கு எத்தனை முறை. மதியச் சாப்பாட்டை எதில் கட்டிக்கொண்டு வருகிறேன். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் வாங்கும் பழக்கம் உண்டா. குடிப்பது கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா. எத்தனை கர்ப்பம், எத்தனை குழந்தை, கலைந்தது எத்தனை. கடைசிக் கேள்வியில் கை கொஞ்சம் நின்றது. எனக்கு ஒன்று கலைந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. "இதெல்லாம் சகஜம்மா" என்றார் மருத்துவர். காரணம் கேட்டபோது தெரியாது என்றார். என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதம் முழுக்க நான் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்ததுதான் காரணம் என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

படிவத்தின் முடிவில், தனிநபர் முடிவுகள் தரப்பட மாட்டா என்று ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஓராண்டு கழித்துக் கருத்தரங்க அறையில் முடிவுகளைத் திரையில் காட்டினார்கள். நாங்கள் அத்தனை பேரும் ஒரு நீலநிறத் தூணாக நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தூணில் என் எண் எது என்று எழுந்து கேட்டேன். குழுவில் மூத்தவர் சிரித்தபடி, "அது உங்களுக்குப் பயன்படாது மேடம். பார்த்தா தேவையில்லாம பயந்துடுவீங்க" என்றார்.

அந்தச் சிரிப்பை மன்னித்துவிட்டேன். அந்த வாக்கியத்தை விட முடியவில்லை. என் உடம்பில் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை யாருடையது? அறிந்தால் அந்த அறிவு என்னை என்ன செய்யும்? அறிந்த பிறகு யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் பெண்ணுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

*

முதலில் இந்த அளவீடு என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை என்று பார்க்க வேண்டும்.

உடம்பின் ஹார்மோன்களைப் போல நடிக்கிற, அவற்றின் வழியை மறிக்கிற, அவை சுரப்பதையும் கழிவதையும் மாற்றுகிற வேதிப்பொருட்கள் பல நம் அன்றாடத்தில் இருக்கின்றன. கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் டப்பா உணவின் உட்பூச்சிலும் பிஸ்பீனால் ஏ. பிளாஸ்டிக்கை வளையச் செய்யவும் வாசனையை நீடிக்க வைக்கவும் தாலேட்டுகள். முகப்பூச்சுகள் கெடாமலிருக்க பாரபென்கள். பழைய பூச்சிக்கொல்லிகளில் டிடிடி, எண்டோசல்பான். மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி.

இவை உடம்பில் தங்கும் காலம் ஒன்றுபோல் இல்லை. பிஸ்பீனாலும் தாலேட்டும் உள்ளே போன ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். டிடிடியும் பிசிபியும் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் கசியும். பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் போகும். ஆகவே சிறுநீர் சொல்வது நேற்றைய கதை. இரத்தமும் பாலும் சொல்வது பல ஆண்டுக் கதை. அன்று நான் நிரப்பிக் கொடுத்த குப்பியால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கலைந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது. இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது, அந்தப் படிவம் அதை ஏன் கேட்டது என்று கோபம்கூட வந்தது.

அளவும் மிகச் சிறியது. ஒரு மில்லிலிட்டரில் சில நானோகிராம். நூறு கோடியில் ஒரு பங்கு. முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சிறியது என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் உடம்பிலுள்ள ஈஸ்ட்ராடியாலை அளப்பது பிகோகிராமில், அதாவது நானோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கில். அந்தத் துளியை வைத்துக்கொண்டுதான் உடம்பு பூப்படைகிறது, மாதந்தோறும் கணக்கு வைக்கிறது, கருவைத் தாங்குகிறது. ஹார்மோனின் மொழியே சிறிய அளவின் மொழிதான்.

அதே நேரம், உடம்பில் ஒரு பொருள் இருப்பதனாலேயே நோய் வந்துவிட்டது என்று ஆகாது. அமெரிக்காவில் நாடு தழுவிய உடல்நல ஆய்வு ஒன்று பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதில் 2003-04-இல் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது நூற்றுக்கு 93 பேரிடம் பிஸ்பீனால் ஏ இருந்தது. பெண்களிடம் ஆண்களைவிடக் கூடுதல். குழந்தைகளிடம் எல்லாரையும்விடக் கூடுதல். அந்த 93 பேரும் நோயாளிகள் அல்லர். யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு என்பதைப் பொறுத்தே ஆபத்து. அதுவும் மாறிக்கொண்டே இருக்கும் கணக்கு. பிஸ்பீனால் ஏ ஒரு நாளைக்கு இவ்வளவு உள்ளே போனால் பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவை, அதே ஆணையம் 2023-இல் 20,000 மடங்கு குறைத்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் "பாதுகாப்பான அளவு" என்ற சொல்லை நம்பிக் குழந்தை பெற்றவர்கள் எத்தனை பேர்!

*

என் பாட்டி வீட்டில் மூன்று நாள் ஒதுங்கியிருக்கும் பெண்களுக்குக் கொல்லைப்புறம் ஒரு சாய்ப்பு இருந்தது. தனிப் பாய், தனித் தம்ளர். உடம்பிலிருந்து வெளியேறும் எதுவும் தீட்டு என்று அங்கேதான் கற்றேன். இரத்தம் தீட்டு, பிள்ளைபெற்ற உடம்பு தீட்டு. இதே சொல்தான் ஊருக்குள் யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யாருடைய அழுக்கை யார் அள்ள வேண்டும் என்பதையும் முடிவு செய்தது. மாசு என்பது பெண்ணின் உடம்பிலிருந்து உலகத்துக்குப் போகிறது என்பதே இந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் நம்பிக்கை.

ஆய்வுக்கூடம் இதைத் தலைகீழாக்குகிறது. மாசு உலகத்திலிருந்து பெண்ணின் உடம்புக்கு வருகிறது. அவள் வெளியேற்றும் நீர்தான் அதற்குச் சாட்சி. இலக்கணம் படித்தவள் என்பதால் 'மெய்' என்ற சொல் நினைவுக்கு வராமலிருக்காது. உடம்புக்கும் உண்மைக்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. உள்ளே நிகழ்வது உடம்பில் வெளிப்படுவதைப் பேசுவது. இன்று வெளியே, ஒரு தொழிற்சாலையிலும் ஒரு சந்தையிலும் ஒரு சட்டமன்றத்திலும் நிகழ்வது நம் உடம்பில் வெளிப்படுகிறது.

ஆனால் சாட்சி சொன்னவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் நமக்கு உண்டு. அதனால்தான் இந்த அளவீடுகளைக் கொண்டாடுவதற்கு முன் அவற்றின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1959 முதல் 1967 வரை ஒரு பெரும் கர்ப்பகால ஆய்வு நடந்தது. ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகள் இரத்தம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் டிடிடி வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் தெருவிலும் தாராளமாகத் தெளிக்கப்பட்டது. பெண்கள் கொடுத்த இரத்தத்தின் சீரம் உறைநிலையில் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. பார்பரா கோன் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் அதை எடுத்துச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். டிடிடி புழக்கத்துக்கு வந்த 1945-இல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமிகளாக இருந்தவர்களில், இரத்தத்தில் டிடிடி மிகுந்திருந்தவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடியிருந்தது. 2015-இல் அவர்களுடைய மகள்களைப் பற்றிய ஆய்வு வந்தது. கருவிலிருந்தபோது தாயின் இரத்தத்தில் ஒருவகை டிடிடி மிகுந்திருந்த மகள்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த வயதில் உடம்புக்குள் போனது என்பது எவ்வளவு போனது என்பதைப் போலவே முக்கியம் என்ற அறிவு, அந்தப் பெண்கள் கைநீட்டிக் கொடுத்த இரத்தத்திலிருந்து கிடைத்தது. அவர்கள் அதை இதற்காகக் கொடுக்கவில்லை. இப்படி ஒரு கேள்வி வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. விடை வந்தபோது அவர்களில் பலருக்கு அது உதவக்கூடிய காலம் கடந்துவிட்டது. பேத்திகளுக்கு உதவலாம். பெண்களின் உடம்பு பாட்டி கொடுத்துப் பேத்தி பெற்றுக்கொள்ளும் ஓர் ஆவணக் காப்பகமாக இருக்கிறது. காப்பகத்துக்குக் கொடுத்தவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, குப்பியின் மேலிருந்த எண்தான் இருக்கிறது.

*

"பயந்துடுவீங்க" என்ற வாக்கியத்தின் மிகக் கடினமான வடிவத்தை வட துருவப் பகுதிப் பெண்கள் சந்தித்தார்கள். 1980களின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தாய்ப்பாலில் பிசிபி எவ்வளவு என்று எரிக் டெவாயி என்ற மருத்துவ ஆய்வாளர் அளந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மாசுபடாத பால் வேண்டும். வடக்கே நுனாவிக் பகுதியில் தொழிற்சாலையே இல்லை; அங்குள்ள இனுயிட் பெண்களின் பால் தூய்மையாக இருக்கும் என்று நினைத்தார்கள். சோதித்தபோது அவர்கள் பாலில் தெற்கத்திப் பெண்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. தொலைதூர நாடுகளில் வெளியான பொருள் காற்றிலும் கடலிலும் பயணம் செய்து, குளிர்ந்த வடக்கில் இறங்கி, மீன், சீல், திமிங்கிலம் என்று கொழுப்பின் வழியே ஏறி, அவற்றை உண்டு வாழும் மக்களின் தட்டுக்கு வந்திருந்தது.

இப்போது அந்தத் தாயிடம் போய் என்ன சொல்வது? பாலை நிறுத்து என்றால், கடையில் பால்பவுடரும் காய்கறியும் யானை விலை விற்கும் ஊரில் குழந்தை எதைக் குடிக்கும்? சீல் இறைச்சியை விடு என்றால் உணவோடு வேட்டை, பங்கிடுதல், உறவு எல்லாம் போகும். சொல்லாமலிருந்தால் அவள் பாலைப் பற்றி அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். சொன்னார்கள். தாய்ப்பாலின் நன்மை பெரிது, கொடுத்துக்கொண்டே இருங்கள் என்ற அறிவுரையும் சேர்த்துச் சொன்னார்கள். மார்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகக் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பயந்துதான் போயிருப்பார்கள். அது தேவையில்லாத பயம் அன்று. உள்ளதைப் பார்த்து வரும் பயம்.

அந்தப் பயம் அங்கேயே நின்றுவிடவில்லை. இத்தகைய நெடுநாள் நஞ்சுகளைத் தடை செய்ய உலக நாடுகள் பேச்சு நடத்தத் தொடங்கியபோது இனுயிட் மக்களின் அமைப்பு அங்கே போய் உட்கார்ந்தது. அதன் சார்பில் பேசிய ஷீலா வாட்-குளூட்டியர், 1999-இல் நைரோபியில் நடந்த கூட்டத்தில், தாயும் குழந்தையுமாகச் செதுக்கிய ஓர் இனுயிட் சிற்பத்தைக் கொடுத்தார். அது பேச்சுவார்த்தைத் தலைவரின் மேசையிலேயே இருந்தது. 2001 மே மாதம் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் நிறைவேறியது. வட துருவ மக்களுக்கு நேரும் ஆபத்தை அதன் முகவுரை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அளந்த எண் அளக்கப்பட்டவர்களின் கைக்குப் போனதால்தான் இது நடந்தது. அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று மூடி வைத்திருந்தால், அந்தப் பால் ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

*

என் மாணவிகளிடம் இதை வகுப்பில் பேசினேன். ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்போ லிப்ஸ்டிக் போடக்கூடாதா மேம்?" வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர் வாழும் பகுதியில், நூறு லத்தீன் இனப் பதின்வயதுப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016-இல் வெளியானது. ஊர்ப் பிள்ளைகளே ஆய்வைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொண்டார்கள். தாலேட், பாரபென் இல்லாத அழகுசாதனப் பொருட்களை மூன்று நாள் மட்டும் பயன்படுத்தினார்கள். சிறுநீரில் மெத்தில் பாரபென் 44 விழுக்காடும், ஒருவகைத் தாலேட்டின் எச்சம் 27 விழுக்காடும் குறைந்தன. நல்ல செய்தி. மாற்ற முடியும், அதுவும் விரைவாக. பெண்பிள்ளைகள் தம் உடம்பைத் தாமே ஆராய்ந்தது அதைவிட நல்ல செய்தி.

இந்த நல்ல செய்தி நம் ஊருக்கு வரும்போது என்ன ஆகிறது? பெண்கள் பத்திரிகையில் 'தவிர்க்க வேண்டிய பத்து' என்ற பட்டியல் ஆகிறது. கண்ணாடிப் பாத்திரம் வாங்கு, இயற்கைச் சோப்பு வாங்கு, லேபிளைப் படி. படிப்பதும் வாங்குவதும் வீட்டில் யார் வேலை? அரசும் ஆலையும் செய்யாத வேலை அம்மாவின் மளிகைச் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவள் தவறவிட்டால் குற்றம் அவளுடையது. கருத்தரிப்பு மையங்களில் காத்திருக்கும் பெண்களிடம் இன்று "ராத்திரி கண்விழிச்சு வேலை பார்த்தியே" என்கிறார்கள். நாளைக்கு "நகப்பூச்சுப் போட்டியே" என்பார்கள். அன்று எனக்குக் காரணம் தெரியாதபோது பேருந்து காரணமானது. எண் தெரிந்திருந்தால் முகப்பூச்சு காரணமாகியிருக்கும். அறியாமையானாலும் அறிவானாலும் பழி வந்து நிற்பது ஒரே வாசலில்தான் என்றால், மாற்ற வேண்டியது வேறு எதையோ.

என் பழைய மாணவி ஒருத்தி துணிக்கடையில் பில்லிங் பிரிவில் இருக்கிறாள். தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பில் கிழிக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. வழவழப்பான அந்த வெப்ப அச்சுத் தாளில் பிஸ்பீனால் ஏ தூளாகவே இருப்பதுண்டு. கையுறை இல்லாமல் தொடர்ந்து இரண்டு மணி நேரம் அந்தத் தாளைக் கையாண்டவர்களின் சிறுநீரில் அது கூடியதாகவும், கையுறை போட்டபோது அவ்வாறு கூடவில்லை என்றும் 2014-இல் அமெரிக்காவில் நடந்த சிறு ஆய்வு ஒன்று சொன்னது. அவளிடம் சொன்னேன். "கையுறை போட்டா நோட்டு எண்ண வராது மேம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உட்கார ஸ்டூல் கேட்டதுக்கே சட்டம் வர வேண்டியிருந்துச்சு" என்றாள். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021-இல்தான். அவளுக்கு லேபிள் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில் என்ன பயன்? அந்தத் தாளை அவள் வாங்கவில்லை. அதற்கு லேபிளும் இல்லை. எதிர்ப்பு எழுந்த இடங்களில் பிஸ்பீனால் ஏ-வை எடுத்துவிட்டு அதன் தங்கையான பிஸ்பீனால் எஸ்-ஐப் போட்டார்கள். இப்போது சிறுநீரில் அதுவும் வருகிறது.

*

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எண்ணே இல்லாவிட்டால் பெண்ணின் பேச்சை யாரும் நம்புவதில்லை. கேரளத்தின் காசர்கோடு அதற்குச் சாட்சி.

அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. குழந்தைகள் குறைபாடுகளோடு பிறப்பதை, பெண்களுக்குக் கரு தங்காததை முதலில் கவனித்தவர்கள் ஊர்க்காரர்கள். வேளாண் துறையில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா தெளிப்பை நிறுத்தக் கோரி 1998-இல் நீதிமன்றம் போனார். 2001-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இரத்தத்திலும் தாய்ப்பாலிலும் எண்டோசல்பானைக் கண்டதாகச் சொன்னது, உற்பத்தியாளர்கள் மறுத்தார்கள். பிறகு அகமதாபாதின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்தது. தெளிப்பு நின்று பல மாதங்கள் ஆன பிறகும், பாதிக்கப்பட்ட ஊர்ப் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரின் இரத்தத்தில் அது இருந்தது. ஒப்பிட்ட ஊரில் 29 விழுக்காட்டினரிடம். ஆண்பிள்ளைகள் பருவமடைவது தாமதமாவதையும் ஹார்மோன் மாற்றத்தையும் 2003-இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை.

அங்குள்ள தாய்மார்கள் தலை பெருத்த, நடக்க முடியாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்த படங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் திருப்பிப் படுக்கவைப்பவள் அறிந்ததை எந்தக் கருவி அளக்கும்? ஆனால் அவள் அறிவு சாட்சியமாக ஏற்கப்பட இரத்தத்தில் ஓர் எண் தேவைப்பட்டது. எண் வந்தபோது அதையும் சந்தேகித்தார்கள். காலம் செல்லச் செல்ல இரத்தத்திலிருந்து அந்தப் பொருள் நீங்கிவிடும். பிள்ளையின் உடம்பிலிருந்து அது செய்த வேலை நீங்காது. தாமதமாக வந்து அளந்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்வதற்கு இது வசதியான இடைவெளி. எனவே அளப்பது மட்டும் நீதியாகாது. எப்போது அளக்கிறோம், யார் கேட்டு அளக்கிறோம், அளவுக்கு முன்பே சொன்னவளை என்ன செய்தோம் என்பதும் சேர்ந்ததுதான் நீதி.

2011-இல் எண்டோசல்பான் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. அதுவரை அதை எதிர்த்துவந்த நாடு நம்முடையது. துருவத்துப் பால் போட்ட பாதையில் காசர்கோட்டின் இரத்தமும் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றும். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பெரும்பாலானோருக்கு அது போய்ச் சேரவில்லை என்று அதே நீதிமன்றம் அரசைக் கடிந்துகொண்டது.

*

அளவீடு நேர்மையாகப் பயன்பட்ட ஒரு கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அதே உடல்நல ஆய்வில் 1976 முதல் 1980 வரை மக்களின் இரத்தத்தில் ஈயம் சுமார் 37 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. பெட்ரோலில் ஈயம் குறைந்த அதே வேகத்தில் இரத்தத்திலும் குறைந்திருந்தது. அந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால் பெட்ரோலில் மிச்சமிருந்த ஈயத்தையும் நீக்கச் சொல்வது எளிதானது. இந்தியாவிலும் 2000-க்குள் ஈயப் பெட்ரோல் போய்விட்டது. உங்கள் குழந்தைக்கு ஈயமில்லாத காற்றைத் தேடி வாங்குங்கள் என்று யாரும் எந்தத் தாய்க்கும் பட்டியல் கொடுக்கவில்லை. பெட்ரோலை மாற்றினார்கள். என் தம்பி மகள் ஈயப் பெட்ரோல் என்ற சொல்லையே கேட்டதில்லை. ஒரு நல்ல அளவீடு அப்படித்தான் முடிய வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அதைப் பற்றித் தெரியவே தேவையில்லாதபடி.

ஆகவே என் உடம்பை அளக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அளப்பவர் கடன்படுகிறார் என்கிறேன். என் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்து அறிவாக்கியவர், அந்த அறிவை எனக்குப் புரியும் மொழியில் திருப்பித் தர வேண்டும். எது தெரியும், எது தெரியாது என்ற எல்லையோடு தர வேண்டும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை என் சமையலறைக் கதவோடு நிறுத்தாமல் ஆலைக் கதவு வரை கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய்ச் சேர்த்ததை ஆட்சியில் இருப்பவர் செயலாக்க வேண்டும். இந்த மூன்றில் முதலாவது இல்லாவிட்டால் நான் வெறும் மூலப்பொருள். மற்ற இரண்டும் இல்லாவிட்டால் என் கையில் இருப்பது பயம் மட்டுமே.

என் கலைந்த கருவுக்குக் காரணம் இனித் தெரியப்போவதில்லை. எந்தக் குப்பியும் அதைச் சொல்லாது. இந்தக் கட்டுரையை எழுதும்போது அதை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பேருந்து காரணமில்லை என்று மாமியாரிடம் ஒருநாள் சொல்லவும் செய்தேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "எனக்கும் ரெண்டு கலைஞ்சுதும்மா. என்னைக் கிணத்துல தண்ணி எறைச்சேன்னு சொன்னாங்க" என்றார். இருபது ஆண்டுகளில் அவர் இதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்த ஆண்டும் ஒரு குழு வரப்போவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். இந்த முறை இரத்தமும் கேட்கப்போகிறார்களாம். கொடுப்பேன். அதற்கு முன் படிவத்தின் கடைசி வரியை எடுத்துவிடும்படி கடிதம் எழுதி, மாணவிகள் முப்பத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். லிப்ஸ்டிக் கேள்வி கேட்டவள் தன் பெயருக்குக் கீழே தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: முடிவை எங்களுக்குத் தமிழில் தரவும்.